அசையும் இருக்கைக்கு எந்த ஒயர், எந்தக் கனெக்டர்?

வீட்டிலேயே கார்ப் பந்தய சிமுலேட்டர் கட்டுகிறவர்கள் மோட்டாரைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். எத்தனை வாட், என்ன கியர் விகிதம், எந்த டிரைவர் போர்டு என்று அலசிப் பார்த்து வாங்குகிறார்கள். ஒயர் விஷயம் மட்டும் கடைசி நாளில், கைக்குக் கிடைத்ததை வைத்து முடிந்துவிடுகிறது. முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். இருக்கையின் கோணத்தைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று மெல்லிய ஒயர்கள் போகும். அவற்றில் ஒன்று, பற்றவைத்த இடத்துக்கு அருகே அறுந்தது. இருக்கை எங்கே நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு போர்டுக்குத் தெரியாமல் போயிற்று. மோட்டார் முழு விசையில் ஒரே பக்கமாக ஓடி, இருக்கையைத் தடுப்புக் கட்டையில் கொண்டுபோய் மோதியது. அன்று இருக்கையில் ஆள் இல்லை. சோதனைக்காக 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கட்டி வைத்திருந்தேன். ஒரு மூட்டை கிழிந்து அறை முழுவதும் அரிசி.

முப்பது ஆம்பியர் பாயும் ஒயர்களைத்தான் நான் தடிமனாக, கவனமாகப் போட்டிருந்தேன். அவை எல்லாம் நன்றாக இருந்தன. அறுந்த ஒயரில் ஓடியது அரை மில்லி ஆம்பியர். இந்தக் கட்டுரையில் நான் செய்யும் ஒப்பீடு முழுவதும் அந்த ஒரு நாளிலிருந்து பிறந்தது. எத்தனை ஆம்பியர் என்ற கேள்விக்குப் பத்து நிமிடக் கணக்கில் விடை கிடைத்துவிடும். எந்த ஒயர் அசைகிறது, எந்த இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விகளுக்குத்தான் பணமும் நேரமும் போக வேண்டும்.

என் அமைப்பு இது. தரையில் நிற்கும் இரும்புச் சட்டம். அதன் மேல் முன்பின்னாகவும் இடவலமாகவும் சாயும் இருக்கை. இரண்டு 24 வோல்ட் வார்ம் கியர் மோட்டார்கள், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் இரண்டு ஐபிடி-2 டிரைவர் போர்டுகள், கட்டுப்பாட்டு போர்டாக ஒரு ஆர்டுயினோ ஊனோ, அதில் இருக்கையின் நிலையைப் பார்த்து மோட்டாரை ஓட்டும் எஸ்எம்சி3 நிரல். இருக்கை மட்டும் அசையும் வகை என்பதால் மோட்டார்கள் சட்டத்தோடு நிலையாக நிற்கின்றன. இதே பாதையில் இன்னொரு பெரிய வகையும் உண்டு: எஸ்எஃப்எக்ஸ்-100 என்ற திறந்த வடிவமைப்பைப் போல, 230 வோல்ட் செர்வோ மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் கொண்ட தூக்கிகள் முழுச் சட்டத்தையும் ஏற்றி இறக்கும் வகை. அதற்கு விதிகளே வேறு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

தடிமன்: கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும்

மோட்டார் சீராக ஓடும்போது என் கிளாம்ப் மீட்டர் 8 முதல் 12 ஆம்பியர் வரை காட்டியது. இருக்கை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பச் சொன்னால் 30 ஆம்பியரைத் தொட்டது. சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டரும்தான். திசை மாறும் நொடியில் அது உண்டாக்கும் மின்னழுத்தம் சப்ளையோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல இரண்டு மூன்று மடங்கு பாய்கிறது. பந்தயத்தில் இருக்கை ஓயாமல் திசை மாறிக்கொண்டே இருக்கும். எனவே தகட்டில் இருக்கும் எண்ணை வைத்து ஒயர் வாங்கக்கூடாது.

மின்பெட்டியிலிருந்து மோட்டாருக்கு 3 மீட்டர். போய்த் திரும்பினால் 6 மீட்டர். செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு உள்ள மின்தடை 1.5 ஸ்கொயருக்கு (குறுக்குப் பரப்பு 1.5 சதுர மி.மீ.) சுமார் 13 மில்லி ஓம், 2.5 ஸ்கொயருக்கு 8, 4 ஸ்கொயருக்கு 5, 6 ஸ்கொயருக்கு 3.3. அப்படியென்றால் 30 ஆம்பியர் பாயும் நொடியில் 1.5 ஸ்கொயர் ஒயர் 2.4 வோல்ட்டை விழுங்கிவிடும். அது 24 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. இருக்கை திரும்ப வேண்டிய அந்த நொடியில்தான் மோட்டார் பலம் இழக்கிறது; உட்காருபவருக்கு அது ஒரு மந்தமாகத் தெரியும். 2.5 ஸ்கொயரில் இழப்பு 1.4 வோல்ட். 4 ஸ்கொயரில் 0.9 வோல்ட்.

நான் மோட்டாருக்கு 2.5 ஸ்கொயர் எடுத்தேன். 4 ஸ்கொயருக்குப் போனால் அரை வோல்ட் மிச்சமாகும், ஆனால் ஐபிடி-2 போர்டின் ஸ்க்ரூ முனையில் அது நுழையாது. இழைகளை வெட்டிக் குறைத்து நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம். வெட்டிய இடத்தில் சூடு சேரும், மிஞ்சிய இழை பக்கத்து முனையைத் தொடும். அந்த போர்டில் 43 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். அந்த எண் போர்டில் இருக்கும் பிடிஎஸ்7960 சிப்பின் உச்ச வரம்பிலிருந்து வருகிறது. போர்டின் சிறிய ஸ்க்ரூ முனையும் சின்ன ஹீட் சிங்க்கும் அதைத் தொடர்ந்து தாங்குபவை அல்ல.

சப்ளையிலிருந்து இரண்டு டிரைவருக்கும் பொதுவாகப் போகும் ஒயரில் இரு மோட்டாரின் மின்னோட்டமும் சேரும். அங்கே 6 ஸ்கொயர் போட்டு, அரை மீட்டருக்கு மேல் நீளாமல் வைத்தேன். சப்ளையையும் டிரைவரையும் ஒரே பெட்டியில் பக்கத்தில் வைத்து, நீளத்தை மோட்டார் பக்கம் விடுவது நல்லது. டிரைவரை மோட்டார் அருகே கொண்டுபோய், சப்ளை ஒயரை நீட்டினால் போர்டின் கப்பாசிட்டர்கள் அதிகம் உழைத்துச் சீக்கிரம் வீணாகின்றன.

செம்பா, செம்பு பூசியதா?

கடையில் ஒரே தடிமன், ஒரே நிறம், ஒரே அச்சு என்று இரண்டு சுருள்கள் இருக்கும். ஒன்றின் விலை மற்றதில் பாதி. பாதி விலைச் சுருளில் இருப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. கார் ஆடியோ ஒயர், ஸ்பீக்கர் ஒயர் என்ற பெயரில் இது மலிந்து கிடக்கிறது. அதன் மின்தடை அதே தடிமன் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதாவது 2.5 ஸ்கொயர் வாங்கினேன் என்று நினைப்பவர் உண்மையில் 1.5 ஸ்கொயருக்குச் சற்று மேலான ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறார்.

மின்தடையைத் தடிமன் கூட்டிச் சமாளித்துவிடலாம். ஆனால் அசையும் இயந்திரத்தில் அலுமினியம் வேறு இரண்டு தொல்லைகளைத் தரும். வளைந்து வளைந்து நிமிரும் இடத்தில் செம்பைவிட முன்னதாக இழை இழையாக ஒடியும். கிரிம்ப் செய்த (உலோகக் குழலில் நுழைத்துக் கருவியால் அழுத்திப் பிடித்த) முனையிலோ ஸ்க்ரூவின் அடியிலோ அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, நாளடைவில் பிடி தளரும். தளர்ந்த இடத்தில் ஆக்ஸைடு படியும், சூடேறும். எனவே சிமுலேட்டருக்குள் ஓரிடத்திலும் அதை அனுமதிக்காதீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ஒற்றை இழையை லைட்டர் சுடரில் காட்டினால் அலுமினியம் உருகிச் சுருளும். செம்பு சிவந்து நிற்கும். சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும், எடை ஏறக்குறைய பாதிதான் இருக்கும். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஐஎஸ் 694 தர ஐஎஸ்ஐ முத்திரை கொண்ட ஒயர் வாங்கினால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. நிலையான பகுதிகளுக்கு அதுவே எனக்குப் பிடித்த தேர்வு. விலையும் நியாயம், எந்த ஊரின் மின்சாமான் கடையிலும் கிடைக்கும்.

வீட்டு ஒயர், சிலிக்கான் ஒயர்

வீட்டு ஒயரிங்கின் 2.5 ஸ்கொயரில் பொதுவாக 0.3 மி.மீ. கனத்தில் 36 இழைகள் இருக்கும். ட்ரோன் பேட்டரிக்கு விற்கும் 12 கேஜ் சிலிக்கான் ஒயரில் 0.08 மி.மீ. கனத்தில் 680 இழைகள். இரண்டையும் விரலில் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். முன்னது வளைத்த வடிவத்தில் நிற்கும், பின்னது நூலைப் போலத் தொங்கும். இழை மெலிய மெலிய வளைவைத் தாங்கும் ஆயுள் கூடுகிறது. சிலிக்கான் உறை 200 டிகிரி வரை சூட்டையும் தாங்கும். சாதாரண பிவிசி உறைக்கு எல்லை 70 டிகிரி.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் சிலிக்கான் போடலாமே என்று தோன்றும். நானும் போட்டேன். அதன் உறை நகத்தால் கீறினாலே கிழிகிற அளவு மென்மையானது. இரும்புச் சட்டத்தின் வெட்டு விளிம்பில் ஒரு மாதம் உரசினால் செம்பு வெளியே வந்துவிடும். சூட்டைத் தாங்கும் ஒயருக்குக் கத்தி முனையைத் தாங்கும் பலம் இல்லை. எனவே சிலிக்கானை மின்பெட்டிக்குள் குட்டை இணைப்புகளுக்கும், நைலான் சடை உறைக்குள் பாதுகாப்பாகப் போகும் அசையும் பகுதிக்கும் மட்டும் வைத்துக்கொண்டேன். சட்டத்தோடு கட்டப்படும் நீளமான ஓட்டங்களுக்கு பிவிசியே மேல்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: தொழிற்சாலை இயந்திரங்களின் கேபிள் செயினுக்குள் ஓடுவதற்கென்றே செய்த நெகிழ்கேபிள். பழைய இயந்திரங்களைப் பிரித்து விற்கும் இடங்களில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். முழுச் சட்டமும் அசையும் வகை கட்டுபவர்கள் அதைத் தேடிப் போகலாம். இருக்கை மட்டும் அசையும் என் வகைக்கு அது தேவைப்படவில்லை.

எந்த ஒயராக இருந்தாலும் அசையும் எல்லையை அது கடக்கும் விதம் முக்கியம். கேபிளின் வெளிவிட்டத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு ஆரமாவது வளைவுக்கு விடுங்கள். இருக்கை சாயும் அச்சுக்கு அருகே கடக்க விட்டால் அசைவு குறைவு. ஓரத்தில் கடக்க விட்டால் அதே சாய்வுக்குப் பல மடங்கு இழுபடும். இருபுறமும் கிளாம்ப் போட்டு, நடுவில் தளர்ந்த வளையமாக விட வேண்டும். என் பொட்டென்ஷியோமீட்டர் ஒயருக்கு இந்தக் கிளாம்ப் இல்லை. அசைவு முழுவதும் பற்றவைத்த முனையில் போய் விழுந்தது.

பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா?

ஈயம் உருகும்போது இழைகளுக்கு நடுவே ஏறி, சில மில்லிமீட்டர் தூரத்துக்கு அவற்றை ஒரே கம்பியாக்கிவிடுகிறது. அந்த விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் கோட்டில்தான் ஒயர் மடங்கும். மடங்கி மடங்கி அங்கேயே ஒடியும். வெளியே உறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல கிரிம்ப்பில் இந்தக் கோடு இல்லை. ஊர்திகளிலும் விமானங்களிலும் கிரிம்ப்பையே பெரிதும் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பற்றவைத்தே ஆக வேண்டிய கனெக்டர் என்றால், ஈயம் ஏறிய நீளம் முழுவதையும் தாண்டி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, அதற்குப் பின்னால் ஒயரை ஓரிடத்தில் கட்டிவிடுங்கள்.

கிரிம்ப் என்றால் இடுக்கியால் நசுக்குவது அல்ல. முழு அழுத்தம் வந்த பிறகே விடுபடும் ராட்செட் கருவி ஒன்று வாங்குங்கள். என் செலவுப் பட்டியலில் மிகவும் பயன்பட்ட பொருள் அதுதான்.

ஸ்க்ரூ முனைகளில் ஒயர் நுனிக்கு ஈயம் பூசி இறுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி ஓடும். இன்று இறுக்கியது அடுத்த மாதம் ஆடும், அதிரும் இயந்திரத்தில் இன்னும் சீக்கிரம். நுனிக்குச் சிறு செம்புக் குழாய் போன்ற ஃபெரூல் போட்டு கிரிம்ப் செய்து இறுக்கினால் ஆண்டுகள் ஆனாலும் அசையாது.

மோட்டார் இணைப்புக்கு நான்கு பேர் போட்டியில்

எக்ஸ்டி60. ட்ரோன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் கனெக்டர். பெயரில் 60 இருந்தாலும் அசல் தயாரிப்பாளர் தொடர் ஓட்டத்துக்குச் சொல்லும் அளவு 30 ஆம்பியர்தான், 60 உச்சம். நமக்கு அதுவே போதும். துருவம் மாற்றிச் செருக முடியாது, தொடர்புத் தடையும் (முனைகள் தொடும் இடத்தின் மின்தடை) குறைவு. குறைகள் இரண்டு: பற்றவைத்தே ஆக வேண்டும், பூட்டு இல்லை. பெட்டிக்குள் நன்றாக இருக்கும். அதிரும் சட்டத்தில் கேபிளின் எடையைத் தாங்கித் தொங்குவதற்கு அது பிறக்கவில்லை.

ஆண்டர்சன் பவர்போல். ஆண், பெண் என்ற பேதம் இல்லாத கனெக்டர். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேரும். ஒரே உறையில் 15, 30, 45 ஆம்பியர் தொடர்புகள் மூன்றும் அமரும். 2.5 ஸ்கொயருக்கு 30 பொருந்தும், 4 ஸ்கொயருக்கு 45. கிரிம்ப் வகை என்பது பெரிய நிறை. உள்ளே ஒரு வில்தகடு தொடர்பை எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் அதிர்விலும் பிடி விடாது. ஆனால் இழுத்தால் கழன்றுவிடும், அதற்குத் தனி கிளிப் வேண்டும். சந்தையில் போலிகள் நிறைய. அவற்றின் வில்தகடு சில முறை செருகியதுமே சோர்ந்துவிடுகிறது.

ஸ்பீக்கான். மேடை ஒலிபெருக்கிகளுக்காக நியூட்ரிக் உருவாக்கிய வட்டக் கனெக்டர். நான்கு முனை கொண்ட என்எல்4 வகையில் ஒவ்வொரு முனையும் தொடர்ந்து 40 ஆம்பியர் தாங்கும். செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும், கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது, தொடர்புகளை விரலால் தொட முடியாது. சாலையோர மேடைகளில் தூக்கியெறிந்து மிதிபடுவதற்கென்றே செய்த பொருள். மோட்டாருக்கு என் தேர்வு இதுதான். ஓர் எச்சரிக்கை: இருக்கைக்கு அடியில் அதிர்வு தரும் பாஸ் ஷேக்கர் வைத்திருப்பவர்கள் அதன் ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கான் வைத்திருக்கலாம். மோட்டார் ஒயரை அங்கே செருகினால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். இரண்டு முனை வகை நான்கு முனை சாக்கெட்டிலும் நுழையும் என்பதால் வகை மாற்றிப் போட்டும் தப்பிக்க முடியாது. ஒன்றுக்கு ஸ்பீக்கான் என்றால் மற்றதற்கு முற்றிலும் வேறு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாய்ட்ச் டிடிபி. மண் அள்ளும் இயந்திரங்களிலும் கனரக ஊர்திகளிலும் இருக்கும் சாம்பல் நிற கனெக்டர். தொடர்புக்கு 25 ஆம்பியர். பூட்டும் உண்டு, தண்ணீரும் புகாது, அதிர்வுக்கு அசையாது. தொழில்முறையில் பார்த்தால் நால்வரில் இதுவே சிறந்தது. ஆனால் அதன் தொடர்புகளுக்கென்று தனி கிரிம்ப் கருவி வேண்டும், அதன் விலை மற்ற எல்லாச் செலவையும் தாண்டிவிடும். ஊர்தி ஒயரிங் செய்யும் பட்டறை யாரேனும் தெரிந்திருந்தால் அவர்களிடம் கிரிம்ப் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

பட்டியலில் நான் சேர்க்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் இருக்கிறதே என்று வீட்டு மூன்று முள் பிளக்கையும் சாக்கெட்டையும் 24 வோல்ட்டுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் வீட்டில் யாரோ அந்தப் பிளக்கைச் சுவரில் செருகிவிடுவார்கள். அந்த வீட்டில் குழந்தை இருந்தால் அது நிச்சயம் நடக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மெல்லிய ஒயர்கள்

இனி, என் அரிசி மூட்டையைக் கிழித்த ஒயர். பொட்டென்ஷியோமீட்டருக்கு 5 வோல்ட், கிரவுண்டு, சிக்னல் என்று மூன்று முனைகள். ஆர்டுயினோ அந்த 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பார்க்கிறது. ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட். எனவே இந்த ஒயருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று அறுந்துபோவது, மற்றொன்று இரைச்சல்.

போர்டோடு வரும் ஜம்பர் ஒயர்களை நேராக நீட்டி வைப்பது முதல் வழி. மேஜை மேல் சோதிப்பதற்கு அது போதும். அதிரும் இயந்திரத்தில் ஒரு வாரம்கூட நம்ப மாட்டேன். பழைய நெட்வொர்க் கேபிளை வெட்டிப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. சுவருக்குள் போகும் வகையில் ஒற்றைக் கம்பி இருக்கும், வளைந்தால் ஒடியும். கணினிக்குச் செருகும் குட்டை வகையில் பல இழை இருக்கும், பரவாயில்லை. ஆனால் அதன் பிளாஸ்டிக் தாழ்ப்பாள் உடைந்தால் கனெக்டர் தானாக வெளியே வரும். மூன்றாவது, ஜிஎக்ஸ்16 என்ற உலோக வட்டக் கனெக்டர். திருகு வளையம் இருப்பதால் கழலாது. உள்ளே பற்றவைப்புதான், கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப்பும் சுமார்தான்.

சென்னை ரிச்சி தெருவில் அலைந்துகொண்டிருந்தபோது கச்சேரி மைக் கேபிள் தொங்கிய கடை வாசலில் நின்றேன். அங்கேதான் விடை கிடைத்தது. மைக் கேபிள் மிதிபட, சுருட்டப்பட, இழுபட என்றே செய்யப்படுவது. இரண்டு மெல்லிழை ஒயர்கள், சுற்றிலும் பின்னல் கவசம். எக்ஸ்எல்ஆர் கனெக்டருக்கு மூன்று முனை, தாழ்ப்பாள், நல்ல கேபிள் கிளாம்ப். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் எடுப்பது அரை மில்லி ஆம்பியர் என்பதால் கவசத்தையே கிரவுண்டாக வைத்தாலும் தவறில்லை. இரண்டு அச்சுக்கும் இதையே போட்டேன். அதுவரை இருந்த இருக்கையின் நடுக்கம் பெரிதும் குறைந்தது.

அந்த நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது கனெக்டரைச் சேர்ந்ததல்ல. பொட்டென்ஷியோமீட்டரின் கிரவுண்டை டிரைவர் போர்டின் மைனஸ் முனையில் சேர்த்திருந்தேன். மோட்டார் மின்னோட்டம் திரும்பும் அதே அரை மீட்டர் 6 ஸ்கொயர் ஒயரில் 30 ஆம்பியர் பாயும்போது 0.05 வோல்ட் எழும். ஆர்டுயினோவுக்கு அது பத்து படி. அசையாத இருக்கை அசைந்துவிட்டதாக போர்டு நம்பும், திருத்தப் பார்க்கும், மீண்டும் மின்னோட்டம் எழும். கிரவுண்டுகள் எல்லாம் சப்ளையின் மைனஸ் முனையில் ஒரே புள்ளியில் மட்டும் சந்திக்கும்படி மாற்றினேன். மோட்டார் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, சிக்னல் கேபிளை ஒரு சாண் தள்ளி ஓட்டினேன். கணினியோடு யுஎஸ்பி இணைப்பு அடிக்கடி அறுபட்டதும் அதோடு நின்றது.

ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். சிக்னல் முனையிலிருந்து கிரவுண்டுக்கு, ஆர்டுயினோ பக்கம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தேன். ஒயர் அறுந்தால் சிக்னல் அந்தரத்தில் ஆடாமல் பூஜ்யத்துக்கு இறங்கும். எஸ்எம்சி3 நிரலில் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டியதும் அது மோட்டாரை நிறுத்திவிடும். கிரவுண்டு ஒயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறி மேல் எல்லையைத் தாண்டும், அங்கேயும் நிற்கும். ஓடும் இயந்திரத்தில் எக்ஸ்எல்ஆரை வேண்டுமென்றே பிடுங்கி, காலியான இருக்கையோடு, இதைச் சோதித்தேன். நீங்களும் சோதிக்காமல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

ஃபியூஸ், அவசர நிறுத்தம், திரும்பி வரும் மின்சாரம்

ஒவ்வொரு மோட்டாருக்கும் சப்ளை முனையிலேயே ஒரு 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், மஞ்சள் நிறம். நொடிப்பொழுது எழும் 30 ஆம்பியரைப் பொறுத்துக்கொள்ளும், மோட்டார் சிக்கி நின்றால் போய்விடும். வீட்டு எம்சிபியை இதற்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதன் பொறி தானே அணையும். டிசியில் அந்த உதவி கிடையாது. டிசிக்கென்று குறிப்பிட்டிருந்தாலன்றி வேண்டாம்.

சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானிலும் இதே சிக்கல். அதன் முனைகள் 24 வோல்ட் டிசியில் ஓரிரு ஆம்பியரைத்தான் பத்திரமாக வெட்டும். மோட்டார் மின்னோட்டத்தை நேராக அதன் வழியே ஓட்டினால், தேவைப்படும் நாளில் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். பொத்தான் ஒரு காண்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தை வெட்டும் ரிலே) காயிலை வெட்டட்டும், காண்டாக்டர் மோட்டாரை வெட்டட்டும்.

சப்ளை பக்க இணைப்பு எதுவாக இருந்தாலும் தானாகக் கழலாததாக இருக்க வேண்டும். இருக்கை நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. பிடிஎஸ்7960 சிப்பின் இயக்க எல்லை 27.5 வோல்ட், நாம் 24 கொடுக்கிறோம். மூன்றரை வோல்ட்தான் இடைவெளி. அந்த நேரத்தில் சப்ளை கழன்றால் திரும்பி வரும் மின்சாரம் போக இடமின்றி போர்டிலேயே ஏறும். சப்ளைக்கு இணையாக, டிரைவருக்கு மிக அருகே ஒரு பெரிய கப்பாசிட்டரும், ஸ்க்ரூவில் இறுக்கிய வட்ட லக்கும் (ஒயர் நுனியில் கிரிம்ப் செய்யும் வளைய முனை) வைத்தேன். இங்கே கனெக்டரே வேண்டாம் என்பது என் முடிவு. பெட்டிக்குள் ஒயரைப் பிரிக்கும் மற்ற இடங்களில் வேகோ 221 நெம்புகோல் இணைப்பான் போதும். 4 ஸ்கொயர் வரை, 32 ஆம்பியர் வரை தாங்கும்.

230 வோல்ட் செர்வோ கட்டுபவர்களுக்கு

இங்கே மேலே சொன்ன எதுவும் செல்லாது. செர்வோ டிரைவுக்குள் 230 வோல்ட் ஏசி சுமார் 320 வோல்ட் டிசியாக மாறி, துண்டு துண்டாக மோட்டாருக்குப் போகிறது. எக்ஸ்டி60, பவர்போல், ஸ்பீக்கான் மூன்றையும் மறந்துவிடுங்கள். ஜிஎக்ஸ்16 வைத்துப் பலர் செய்கிறார்கள். அதில் எர்த் முனை மற்றவற்றுக்கு முன்னால் சேர்வதில்லை, உலோக உடம்புக்கு எர்த் இணைப்பு தானாக வருவதும் இல்லை. நான் அதை ஏற்க மாட்டேன்.

மோட்டாரோடு வரும் கேபிளை வெட்டாமல் முழு நீளத்துக்கும் ஓட்டி, டிரைவ் பெட்டியைத் தரையில் நிலையாக வைப்பதே நல்ல வழி. இணைப்பு குறையக் குறைய ஆபத்தும் குறையும். அசையும் சட்டத்துக்கும் தனியாக ஒரு பச்சை மஞ்சள் எர்த் ஒயர், பல இழை, வட்ட லக், பெயிண்டைச் சுரண்டிய இரும்பின் மேல். நான்கு டிரைவும் அவற்றின் ஃபில்டர்களும் ஒவ்வொன்றும் சிறிது மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடுவதால் மின்கசிவு கண்டால் சப்ளையை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி காரணமின்றி விழுவது போலத் தோன்றும். அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு, கழற்றாதீர்கள். சிமுலேட்டருக்கென்று தனி ஆர்சிசிபி, ஏ வகை, போடச் சொல்லுங்கள். இந்தப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள்.

பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு

எந்த கனெக்டர் நல்லது என்பதற்கு உங்கள் மல்டிமீட்டரே தீர்ப்பு சொல்லும். சிமுலேட்டரைப் பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு, மோட்டார் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி, இணையாகச் சேர்த்த சில ஹெட்லைட் பல்புகள் போன்ற ஒரு சுமை வழியே சீராக 10 ஆம்பியர் ஓட்டுங்கள். மில்லிவோல்ட் அளவில் மீட்டரை வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். 10 மில்லிவோல்ட் காட்டினால் அந்த இணைப்பின் தடை ஒரு மில்லி ஓம். வெப்பம் பத்தில் ஒரு வாட். கவலை இல்லை. என் ஸ்பீக்கான்கள் இந்த எல்லைக்குள் நின்றன. போலி பவர்போல் ஒன்று 60 காட்டியது. 20 மில்லிவோல்ட்டைத் தாண்டும் எந்த இணைப்பையும் நான் வெட்டியெறிந்து புதிதாகச் செய்துவிடுகிறேன். அதற்காகவே ஒவ்வொரு முனையிலும் ஒரு முழ ஒயரை மிச்சம் விட்டு வைத்திருக்கிறேன்.